அசலைக் கட்டிவிட்டுப் பேசுங்கள்

திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியின் ஃபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே எனக்கு நரை விழுந்தது. பள்ளியோடு ஒட்டியிருந்த டே கேரின் கணக்கும் என் மேசைக்குத்தான் வரும். இப்போது ஓய்வு. ஆனாலும் மாதம் பிறந்து பத்துப் பதினைந்து தேதி ஆனால், ஆர்.எம். காலனியிலிருந்தோ நாகல் நகரிலிருந்தோ யாராவது ஒரு இளசு கையில் சீட்டோடு வாசலில் வந்து நிற்கும். “பெரியம்மா, நாலு நாள் தள்ளிப் போனதுக்கு இவ்வளவு ஃபைனா? இதைக் கேட்க ஆளே இல்லையா?”

கேட்கலாம். கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளையை முதன்முதலாகக் காப்பகத்திலோ ப்ளே ஸ்கூலிலோ விடுகிறவர்களுக்கு நான் வாயால் சொல்லிவந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கவுண்டருக்கு உள்ளே இருந்தவள் சொல்வதால் சில இடத்தில் நிர்வாகத்துக்குப் பரிந்து பேசுவதுபோலத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

1. எந்த ஃபைன் என்று முதலில் பாருங்கள்

இரண்டு வகை உண்டு. பணத்தைத் தாமதமாகக் கட்டியதற்கு ஒன்று. பிள்ளையைத் தாமதமாகக் கூப்பிட வந்ததற்கு இன்னொன்று. சீட்டில் இரண்டையும் ‘லேட் ஃபீ’ என்றே போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே மூச்சில் சண்டை போடாதீர்கள்.

கூப்பிட வரத் தாமதமானதற்குப் போடுகிற காசு நியாயமான காசு. மதுரையில் வேலை பார்த்துவிட்டு மாலை ரயிலில் வருகிறீர்கள், வண்டி கொடைரோட்டில் நின்றுவிட்டது, உங்கள் மேல் தப்பில்லைதான். ஆனால் ஆறரை மணிக்கு வடமதுரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஆயாம்மா, உங்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்கிறாள். அவள் வீட்டிலும் பிள்ளை இருக்கிறது. இந்தக் காசை முகம் சுளிக்காமல் கொடுங்கள். “இது ஆயாம்மாவுக்குப் போகிறதா?” என்று மட்டும் கேளுங்கள். பல இடங்களில் போகாது. அதைக் கேட்கிற பெற்றோரை அந்த ஆயாம்மா மறக்க மாட்டாள்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் யூரி நீசி, ஆல்டோ ரஸ்டிகினி என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் பத்துக் காப்பகங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஆறில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தால் பத்து ஷெக்கல் அபராதம் என்று வைத்தார்கள். தாமதம் குறையும் என்றுதானே நினைப்போம்? தாமதமாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டார்கள். ‘காசு கொடுத்தாச்சு, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே’ என்று மனசு மாறிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைமை திரும்பவில்லை. 2000-இல் வெளியான ஆய்வு அது. உங்கள் தாளாளர் படித்த மனிதர் என்றால் இதைச் சொல்லிப் பார்க்கலாம். ஃபைன் போட்டால் ஒழுங்கு வரும் என்பது எல்லா இடத்திலும் செல்லுபடி ஆவதில்லை.

இனி நான் பேசப்போவது முதல் வகையைப் பற்றி மட்டும். பணம் தள்ளிப்போனதற்குப் போடுகிற ஃபைன்.

2. கெடு தேதியைச் சேர்க்கும் நாளிலேயே மாற்றுங்கள்

பெரும்பாலான இடங்களில் ஐந்தாம் தேதி கெடு. சர்க்கார் சம்பளக்காரருக்கு மாதக் கடைசியிலேயே பணம் வந்துவிடும், அவருக்கு ஐந்தாம் தேதி பிரச்சினை இல்லை. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் வேலை செய்கிற பெண்ணுக்கு? 1936-ஆம் வருஷத்து ஊதியச் சட்டமே முதலாளிக்கு ஏழாம் தேதி வரையும், ஆயிரம் பேரோ அதற்கு மேலோ இருக்கிற ஆலைக்குப் பத்தாம் தேதி வரையும் அவகாசம் கொடுத்தது. சட்டப்படி ஏழாம் தேதி வருகிற சம்பளத்தை வைத்து ஐந்தாம் தேதி எப்படிக் கட்டுவது? சின்னாளபட்டித் தறிக்காரருக்கும், பேகம்பூர்த் தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவருக்கும், ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் மண்டியில் கணக்கெழுதுகிற பையனுக்கும் வாரக்கூலிதான். அவர்களுக்கு மாதத்தின் முதல் வாரம் என்பது மற்ற வாரங்களைப் போல இன்னொரு வாரம்.

ஆகவே சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லுங்கள்: “எனக்குச் சம்பளம் பத்தாம் தேதி, கெடுவைப் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுங்கள்.” படிவத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதி, தாளாளரின் சின்னக் கையெழுத்தை வாங்குங்கள். ஏப்ரல், மே மாதத்தில் இதற்கு மறுப்பு வராது. ஒவ்வொரு பிள்ளையும் அப்போது அவர்களுக்கு வேண்டும். நவம்பரில் போய்க் கேட்டால் ‘கம்ப்யூட்டர்ல மாத்த முடியாதுங்க’ என்பார்கள்.

இந்த ஒன்றைச் செய்தவர்கள் கீழே இருப்பதைப் படிக்கவே வேண்டியதில்லை. என் கணக்கில் ஃபைன் கட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் காசில்லாதவர்கள் இல்லை, தேதி பொருந்தாதவர்கள்.

3. படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள்

ஃபைன் நாள் கணக்கா, ஒரே தொகையா. உச்சவரம்பு உண்டா. ஞாயிறும் பண்டிகை லீவும் சேருமா. இந்த மூன்றும் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், பின்னால் டைரியில் ஒட்டுகிற சர்க்குலரால் உங்களைக் கட்டிப்போட முடியாது. நீங்கள் ஒப்புக்கொள்ளாத நிபந்தனை ஒப்பந்தம் ஆகாது. சர்க்குலரில் ‘படித்தேன்’ என்று கையெழுத்துக் கேட்டால் போடுங்கள். ‘படித்தேன்’ என்பது வேறு, ‘சம்மதம்’ என்பது வேறு.

4. அசலை உடனே கட்டுங்கள். எதற்கு என்று எழுதிக் கட்டுங்கள்

இதுதான் முக்கியம். நிதானமாகப் படியுங்கள்.

கோபத்தில் நிறையப் பேர் செய்வது என்ன? “ஃபைனை எடுத்தால்தான் ஃபீஸ் கட்டுவேன்” என்று மொத்தத்தையும் நிறுத்திவிடுவார்கள். அந்த நிமிடமே நியாயம் கைமாறிப்போகும். அதுவரை அவர்கள் கூடுதலாகக் கேட்டவர்கள், இனிமேல் நீங்கள் பாக்கிக்காரர்.

அதைவிட நுணுக்கமான ஒன்று இருக்கிறது. மாதம் நாலாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், கெடு ஐந்தாம் தேதி, தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய். ஜூனில் பதினைந்தாம் தேதி கட்டினீர்கள். 500 ரூபாய் ஃபைன் விழுந்தது. நீங்கள் அதைக் கட்டவில்லை. ஜூலை நாலாம் தேதி, கெடுவுக்கு முன்னாலேயே, ஜி.பே.யில் நாலாயிரம் அனுப்பினீர்கள். குறிப்பு எதுவும் எழுதவில்லை. அலுவலகத்தில் என்ன நடக்கிறது? வந்த நாலாயிரத்தில் 500 பழைய ஃபைனுக்குப் போகிறது. ஜூலைக்கு 3,500 தான் வரவு. ஆக ஜூலை மாதமும் ‘முழுசாகக் கட்டவில்லை.’ ஆறாம் தேதியிலிருந்து மறுபடி நாளுக்கு 50 ஓடுகிறது. மாதக் கடைசியில் 1,300. விட்ட 500-ஐயும் சேர்த்து 1,800. நீங்கள் ஒழுங்காகக் கட்டிய மாதத்தில்! ஒரே ஒரு தாமதம் டிசம்பர் வரைக்கும் குட்டி போட்டுக்கொண்டே போவதைப் பேரேட்டில் நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. பழைய பாக்கியை முதலில் கழி என்று சாஃப்ட்வேரில் இருக்கும், அது கழிக்கும்.

இதைத் தடுக்க வழி 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 59-ஆம் பிரிவு: பல பாக்கி இருக்கும்போது, ‘இது இன்ன பாக்கிக்கு’ என்று சொல்லிப் பணம் கொடுத்து, அதை வாங்கியும் கொண்டால், அந்தப் பாக்கியில்தான் வரவு வைக்க வேண்டும். 60-ஆம் பிரிவு: ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால், வாங்குகிறவர் தன் இஷ்டத்துக்கு எதில் வேண்டுமானாலும் வரவு வைக்கலாம். வித்தியாசம் உங்கள் ஒரு வரியில் இருக்கிறது. யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும்போது குறிப்புக்கு ஒரு கட்டம் வரும் அல்லவா? அதில் ‘ஜூலை மாதக் கட்டணம் மட்டும்’ என்று அடியுங்கள். காசாகக் கொடுத்தால் ரசீதில் மாதத்தின் பேரை எழுதச் சொல்லுங்கள். செக் என்றால் பின்பக்கம் எழுதுங்கள். அதையே வாட்ஸ்அப்பில் அலுவலக எண்ணுக்கும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

அன்றைக்கே பிள்ளையை எடுக்க விடமாட்டோம், பரிசளிப்பு விழாவில் சேர்க்கமாட்டோம் என்று நெருக்கினால், ஃபைனையும் கட்டித் தொலையுங்கள். ஆனால் ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டுங்கள். நிர்ப்பந்தத்தில் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க அதே சட்டத்தின் 72-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. ஒன்றும் எழுதாமல் கட்டினால் மனமுவந்து கட்டியதாகப் பேசுவார்கள்.

5. ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது

பணம் போன படம் உங்களிடம் இருந்தால் போதாது. பணம் வந்தது என்று அவர்கள் சொன்ன தாள் வேண்டும். தேதி, மாதம், தொகை, முத்திரை நாலும் இருக்கிற ரசீது. சில சின்னக் காப்பகங்களில் பொறுப்பாளரின் சொந்த எண்ணுக்கே பணம் போகும். அங்கே ரசீதை இரண்டு மடங்கு கறாராகக் கேளுங்கள். சேவைக்கு ரசீது தராமல் இருப்பதை 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாகவே வைத்திருக்கிறது.

ஐந்தாம் தேதி ராத்திரி அனுப்பினேன், பணம் கழிந்தது, அங்கே சேரவில்லை என்று வருகிறவர்களும் உண்டு. யு.பி.ஐ.யில் அப்படித் தொங்கிய பணத்தை எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆளுக்கு ஆள் அனுப்பியது என்றால் மறுநாளுக்குள், வணிகருக்கு அனுப்பியது என்றால் ஐந்து நாளுக்குள். தவறினால் வங்கி நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும். அந்தப் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணை அலுவலகத்தில் காட்டினால், நான் இருந்தவரை ஃபைன் போட்டதில்லை. மற்ற கவுண்டர்களிலும் போட மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

6. பதின்மூன்று ரூபாய்க் கணக்கு

‘அநியாயம்’ என்று சொல்லாதீர்கள். கணக்கைச் சொல்லுங்கள். நாலாயிரம் ரூபாய் பத்து நாள் தாமதம். அந்தப் பணத்தை அவர்கள் வங்கியில் நூற்றுக்குப் பன்னிரண்டு வருஷ வட்டிக்கு வாங்கி ஓட்டினார்கள் என்றே வைப்போம். பத்து நாள் வட்டி எவ்வளவு? பதின்மூன்று ரூபாய் சொச்சம். நினைவூட்டுச் சீட்டு அச்சடித்த செலவு, கிளார்க் போன் பண்ணிய செலவு எல்லாம் சேர்த்துத் தாராளமாக ஐம்பது ரூபாய் போடுங்கள். அவர்கள் கேட்பது ஐந்நூறு. வருஷ வட்டியாக்கிப் பார்த்தால் நூற்றுக்கு நானூற்றைம்பதைத் தாண்டும்.

சட்டம் இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான். ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடு கேட்க முடியாது என்று கைலாஷ்நாத் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் நில ஏல வழக்கு அது. ஆனாலும் விதி ஒன்றுதான். 2019 நுகர்வோர் சட்டமோ ஏற்பட்ட நட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர் மேல் சுமத்துவதை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றே பெயர் வைத்துச் சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. கடிதத்தில் கந்துவட்டி என்று எழுதிவிடாதீர்கள். தண்டல்காரர்களிடம் மாட்டிய ஊர் இது, வாய் தன்னால் அந்த வார்த்தைக்குத்தான் போகும். 2003-ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் கடனுக்கானது, காப்பகக் கட்டணத்துக்கு அது பொருந்தாது. பொருந்தாத சட்டத்தைச் சொன்னால் பொருந்துகிற சட்டத்தையும் நம்ப மாட்டார்கள்.

7. யாரிடம், எப்போது

ஆயாம்மாவிடம் வேண்டாம். மிஸ்ஸிடம் வேண்டாம். காலையில் பிள்ளையை விடும்போது கேட்டில் நின்று வேண்டவே வேண்டாம். அந்த ஃபைனைப் போட்டவர்களும் அவர்கள் இல்லை, எடுக்கக்கூடியவர்களும் இல்லை. அவர்கள் முகத்தில் நீங்கள் காட்டுகிற எரிச்சல் பகல் முழுக்க அங்கேதான் இருக்கும், உங்கள் பிள்ளையும் அங்கேதான் இருக்கும்.

கவுண்டருக்குப் போங்கள், பதினைந்தாம் தேதிக்கு மேல், காலை பதினொரு மணி வாக்கில். முதல் வாரத்தில் கூட்டம் நெரியும், கிளார்க் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். முதல் தடவை தாமதம் என்றால் “இந்த ஒரு முறை எடுத்துவிடுங்கள்” என்றாலே போதும். எங்கள் பேரேட்டில் ‘தள்ளுபடி’ என்று ஒரு பத்தியே உண்டு. வருஷக் கடைசியில் அதில் எவ்வளவு விழுந்தது என்று பார்த்தால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருப்போம், கேட்காதவர்கள் கட்டியிருப்பார்கள். பெரிய தொகையைக் கிளார்க்கால் எடுக்க முடியாது, தாளாளர் கையெழுத்து வேண்டும். அதனால் கிளார்க்கோடு வாதம் பண்ணி நேரத்தை விடாதீர்கள். “ஐயாவை எப்போது பார்க்கலாம்?” என்று கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டுக்கார ஐயாக்கள் சட்டையை மடித்துக்கொண்டு வந்து மேசையைத் தட்டினால் ஃபைன் குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

8. வாய்ப்பேச்சு பலிக்காவிட்டால் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. வசவு கூடாது. இந்த மாதிரி:

“தாளாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் காப்பகத்தில் இருக்கும் என் மகளின் ஜூன் மாதக் கட்டணம் ரூ.4,000-ஐ 15.06 அன்று செலுத்திவிட்டேன். ரசீது நகல் இணைத்துள்ளேன். தாமதக் கட்டணமாக ரூ.500 கேட்டு 17.06 தேதியிட்ட சீட்டு வந்துள்ளது. நான் கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவத்தில் இத்தொகை இல்லை. எந்த விதியின்படி, எந்தத் தேதி முதல் இது கணக்கிடப்பட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். பதில் வரும்வரை இதை ஆட்சேபணைக்குரிய தொகையாகக் குறித்து வைக்கவும். மாதக் கட்டணத்தைத் தொடர்ந்து செலுத்திவருவேன்.”

படிவத்தில் ஃபைன் இருக்கிறது என்றால் ‘இல்லை’ என்ற வரியை எடுத்துவிட்டு, பதின்மூன்று ரூபாய்க் கணக்கை அங்கே வையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபால். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். தலைமைத் தபால் நிலையத்தில் கேட்டால் பெறுநரிடமே கொடுக்கும்படி பதிவோடு அனுப்பித் தருவார்கள். அகில இந்திய பிராண்டின் பேரில் நடக்கிற ப்ளே ஸ்கூல் என்றால் அதன் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் போடுங்கள். உள்ளூர் உரிமையாளர் உங்களுக்குப் பதில் சொல்லாவிட்டாலும் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். கடிதத்தைக் கண்டதும் தாளாளர் முதலில் கேட்பது “இந்தம்மா படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கா, எடு பார்ப்போம்” என்பதுதான். படிவம் கிடைக்காது, அல்லது கிடைத்தும் அதில் ஃபைன் இருக்காது.

9. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள்

அரை மணி நேரத்தில் அது தாளாளர் கையில் இருக்கும். அதே சீட்டு வந்த நாலைந்து பேர் இருந்தால் அவர்களைத் தனியாகப் பார்த்து, ஒரே கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். அது வேறு பலம்.

10. பணம் இல்லை என்றால் அதையும் முன்கூட்டி எழுதுங்கள்

வேலை போயிருக்கலாம், வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்கலாம். கெடுவுக்கு முன்னால் ‘இரண்டு தவணையாகக் கட்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. கொரோனா வந்த 2020-இல் தனியார் பள்ளிக் கட்டணத்தை 40 சதவீதம், பிறகு 35 சதவீதம் என்று பிரித்து வாங்கச் சொன்னதே சென்னை உயர் நீதிமன்றம்தான்.

இன்னொன்று, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நாலு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு பலன் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளியே பணம் கட்டும் முன் உங்கள் கம்பெனியில் கேட்டீர்களா?

11. பிள்ளை மேல் கை வைத்தால் தாழ்ந்து பேச வேண்டியதில்லை

இதுவரை தணிந்து பேசுங்கள் என்றேன். இந்த இடத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் ‘ஃபீஸ் பாக்கி’ என்று சிவப்பு மையில் அடித்த சீட்டைப் பிள்ளையின் சட்டைப் பையிலேயே ஊக்குக் குத்தி அனுப்புவார்கள். மூன்று வயசுக் குழந்தை அதைப் பெருமையாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, ‘ஸ்டார் குத்திவிட்டாங்க’ என்று அம்மாவிடம் ஓடும். அந்த ஊக்கைக் கையில் வாங்கிய அம்மாக்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அது டைரியிலும் செயலியிலும் வந்துவிட்டது. ஆனாலும் பாக்கிக்காரப் பிள்ளையைத் தனியாக உட்கார வைப்பது, நடனத்திலிருந்து எடுப்பது எல்லாம் சில இடங்களில் நடக்கத்தான் செய்கிறது.

பிள்ளைக்குத் தெரிய வேண்டிய கணக்கு இல்லை இது. பொறுப்பில் இருப்பவர் குழந்தைக்குத் தேவையற்ற மன வேதனை உண்டாக்குவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு குற்றமாகவே வைத்திருக்கிறது. 1098-ஐக் கூப்பிடலாம். எல்.கே.ஜி.க்கு வேறு பள்ளி மாற்றும்போது பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைத்தால், சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னதைச் சொல்லுங்கள்: மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கிற கருவி இல்லை, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது.

12. வெளியே போவதென்றால் எந்த வாசல்

முதலில் அது என்ன நிறுவனம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற நர்சரிப் பள்ளியின் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்றால் 2009-ஆம் வருஷத்துக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டமும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழுவும் இருக்கின்றன. அந்தப் பள்ளிக்குக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டு, அதற்கு மேல் வாங்குவதை எழுதி, மாவட்டக் கல்வி அலுவலருக்கு, அதாவது தனியார் பள்ளிகளைப் பார்க்கிறவருக்கு, மனுக் கொடுங்கள். ப்ளே ஸ்கூல்களுக்கும் 2015-இல் தனி விதித்தொகுப்பு வந்தது. அனுமதி பெற்று நடக்கிறதா என்று அதே அலுவலகத்தில் கேட்கலாம். அந்தக் கேள்வி ஒன்றே பல இடங்களில் ஃபைனைக் கரைத்துவிடும்.

நுகர்வோர் ஆணையத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. சேலம் விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பயிற்சி மையங்கள் மட்டும் வரும் என்று 2020 ஜனவரியில் தேசிய ஆணையம் சொல்லிவிட்டது. அது உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாகப் போயிருக்கிறது. அதனால் ‘பள்ளிக் கட்டணம்’ என்று எழுதிப் போனால் வாசலிலேயே நிறுத்தலாம். டே கேர் கல்வி இல்லை, பராமரிப்புச் சேவை. சோறு ஊட்டி, தூங்க வைத்து, துணி மாற்றுகிற வேலை. ரசீதில் ‘டே கேர்’ என்று இருந்தால் அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், அதை வைத்துத்தான் வாதம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். காசு கிடையாது, அவர்களே எதிர்த்தரப்புக்கு எழுதிக் கேட்பார்கள். அதற்கு மேல் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று எழுதுங்கள். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று மட்டும் எழுதினால் அது மாநில ஆணையத்துக்குப் போய்விடும், மதுரையில் அதன் அமர்வு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட்டு வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100-க்கும் போன் பண்ணலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கும் போகலாம்தான். ஆனால் உங்கள் மனுவை அங்கிருந்து கல்வி அலுவலருக்குத்தான் அனுப்பி வைப்பார்கள், நேராக அவரிடமே போனால் ஒரு வாரம் மிச்சம்.

ஐந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்றால், என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். 1915 வரைக்கும் போங்கள், அதோடு விடுங்கள். மூவாயிரம் நாலாயிரம் என்று ஏறிப்போனதற்கும், நாலைந்து குடும்பம் சேர்ந்து நிற்பதற்கும்தான் ஆணையம்.

13. விலகும்போது டெபாசிட்

சேரும்போது காஷன் டெபாசிட் என்று ஒன்று கட்டியிருப்பீர்கள். நீங்கள் தகராறு பண்ணி நிறுத்தி வைத்த ஃபைன் எல்லாம் கடைசியில் அதிலிருந்துதான் சத்தமில்லாமல் கழியும். விலகுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுத்து, ‘பாக்கி ஏதும் இல்லை’ என்று ஒரு தாளையும், டெபாசிட் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். கழித்திருந்தால் எந்த மாதத்து ஃபைன், எந்தத் தேதியிட்ட சீட்டு என்று கேளுங்கள். முன்பே எழுதிய கடிதத்தின் முத்திரை போட்ட பிரதியைக் கையில் கொண்டு போங்கள். டெபாசிட் ரசீதின் அசலைக் கேட்பார்கள், அசலைக் கொடுக்கும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.